சிடியில் இருக்கும் கல்யாண வீடியோ தானாகவே அழியுமா?

பத்து வருஷம் பத்திரமா வச்ச கல்யாண சிடி திடீர்னு ஓட மாட்டேங்குதா? காரணம் இதுதான்.

கடையில் விற்ற சினிமா சிடியில் தகவல்கள் பிளாஸ்டிக்கில் அச்சடித்த குழிகளாக இருக்கும். நாம் பதிவு செய்யும் சிடி-ஆர் வேறு ரகம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் ஒளிக்கு மாறும் சாயம் பூசியிருப்பார்கள். லேசர் சுட்ட இடம் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் பிளேயர் படிக்கிறது.

சிக்கல் என்னன்னா, லேசருக்கு மாறும் சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் மெல்ல மாறும். வித்தியாசம் மங்கினால் படம் திக்கும், பிறகு நின்றுவிடும்.

என்ன செய்யலாம்? சிடியை வெயில் படாத, சூடு இல்லாத இடத்தில் வைங்க. லேபிள் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீங்க. உலோகப் பூச்சு அதற்கு அடியில்தான் இருக்கு. முக்கியமா, ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துடுங்க. சாயம் போன பிறகு மீட்பது கஷ்டம்.