டெல்லியில் 2 முறை கோப்பையை தூக்கிய மதராஸ் 'மிலிட்டரி' கால்பந்து அணி!

வேலூர் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவே இல்லை. கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். லீவில் ஊருக்கு வரும் ஜவான்கள் பெல்ட், ஷூவை கழட்டி வைத்துவிட்டு பையன்களோடு பந்து உதைப்பது இங்கே சகஜம். ஆனால் நம்ம மதராஸ் ரெஜிமெண்ட் ஜவான்கள் இந்தியாவின் பெரிய கால்பந்து கோப்பையையே 2 முறை தட்டி வந்த கதை பலருக்கு தெரியாது.

டுராண்ட் கோப்பை

1888-ல் சிம்லாவில் தொடங்கியது டுராண்ட் கோப்பை. ஆசியாவிலேயே பழமையான கால்பந்து போட்டி இதுதான். ஆரம்பத்தில் வெள்ளைக்கார பட்டாளங்கள் மட்டுமே மாறி மாறி ஜெயித்தன. 1940-ல் போட்டி டெல்லிக்கு வந்தது. அந்த வருஷம்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் இந்திய கிளப்பாக கோப்பையை வாங்கியது.

நீலகிரியில் இருந்து...

குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது மதராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையம். சுமார் 6 ஆயிரம் அடி உயரம். 1955-ல் இந்த மையத்தின் அணி டெல்லி போய் இறுதிப்போட்டியில் விமானப்படை அணியை 3-2 என வீழ்த்தியது. 1958-ல் கூர்க்கா பிரிகேடை 2-0 என அடித்து மறுபடியும் சாம்பியன்!

காரணம் சிம்பிள். ஒரே பாரக்ஸ், ஒரே மெஸ், விடியற்காலை ஓட்டம். வருஷம் முழுக்க ஒண்ணாவே இருப்பவர்களுக்கு யார் எங்கே ஓடுவார் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கோலுக்கு காவல்

இந்த அணியின் ஹீரோ பீட்டர் தங்கராஜ். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு. பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது என்று உச்சம் தொட்டார். 2008-ல் காலமானார்.

அவரே பிறகு கொல்கத்தா கிளப்புகளுக்கு ஆடப்போனார். காலப்போக்கில் ரெஜிமெண்ட் அணிகளின் ஆட்டம் அடங்கியது. ஆனால் ராணுவ கால்பந்து சாகவில்லை. 2016-ல் ஆர்மி கிரீன் அணி டுராண்ட் கோப்பையை வென்றது. 2024-ல் கோவாவை 1-0 என தோற்கடித்து சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை தூக்கியது.

வயசு முக்கியம்

ராணுவத்தில் 'பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி' என்று ஒரு வழி இருக்கிறது. சிறுவர்களை எடுத்து படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் கொடுப்பார்கள். பதினேழரை வயதானதும் தகுதி இருந்தால் பட்டாளத்தில் சேரலாம். ஆனால் எடுப்பது 8 முதல் 14 வயது வரைதான்.

இங்கேதான் நம்ம ஊரில் கோட்டை விடுகிறார்கள். பையன் பிளஸ்-2 முடிக்கட்டும், பார்க்கலாம் என்று பெற்றோர் நினைப்பதற்குள் அந்த கதவு மூடிவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அப்பா, அம்மாவுக்கு பையன் ஆடுவதை பார்க்க நேரம் கிடைப்பதே கஷ்டம்தான். ஆனாலும் ஆறாம் கிளாஸ் படிக்கும்போதே அவன் காலில் திறமை இருக்கிறதா என்று பி.டி. வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது!