நாங்கள் அறிந்த செவிலியர் பணி

சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் தோழி ஒருத்தி பேச்சுப் போட்டிக்கான முதற்பரிசு பெற்றாள். அவள் மேடையேறிய வேளையில், அவளுடைய தாயாருக்கென்று நாங்கள் பிடித்து வைத்திருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர். பகல் 1 மணிக்குப் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு 5 மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. தோழி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் அவள் பக்கமே சேர்ந்துகொண்டோம்.

இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் ஒரு தொழிலைப் பற்றி விளக்கி எழுதும்படி தமிழம்மா எங்கள் ஐவரைப் பணித்தார்கள். அந்தத் தாயாரிடமே கேட்போம் என்று தீர்மானித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வந்திருந்த அவர், வெங்காயம் உரித்தபடியே எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

அவர் பணிபுரிவது ஆண்கள் பொது வார்டு. அன்றைய கணக்கில் 42 நோயாளிகள். பகலில் இரண்டு செவிலியர், இரவில் ஒருவர். பயிற்சி மருத்துவமனையில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலாம். 42-ஐ 5-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

செவிலியர் என்றால் ஊசி போடுபவர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஊசி மிகச் சிறிய பகுதிதானாம். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னர் ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: சரியான ஆள்தானா, சரியான மருந்தா, அளவு சரியா, வழி சரியா, நேரம் சரியா? ஆள் சரியா என்பதில் என்ன சிரமம் என்று கேட்டோம். “ஒரே வார்டில் இரண்டு முருகன் இருப்பாங்க. காது மந்தமான பெரியவர் எந்தப் பேரைச் சொன்னாலும் ‘ஆமா’ம்பார். அதனாலே ‘நீங்க முருகனா?’ன்னு கேட்கவே கூடாது. ‘உங்க பேர் என்ன?’ன்னுதான் கேட்கணும்” என்றார்.

குளுக்கோஸ் ஏற்றுவதிலே கணக்குப் பாடம் இருக்கிறது. 500 மில்லி நீரை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி மருத்துவர் எழுதுகிறார். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் மொத்தம் 10,000 சொட்டு. 8 மணி என்பது 480 நிமிடம். ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, குழாயிலுள்ள சிறு சக்கரத்தைத் திருத்திவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போவார். திரும்பி வருவதற்குள், ‘சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே’ என்று உறவினர் யாராவது சக்கரத்தை முழுவதும் திறந்து விட்டிருப்பார். இதயம் பலவீனமானவருக்கு நீர் அவ்வளவு வேகமாக ஏறினால் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். திறந்தவர் செய்தது அன்பினால்தான். ஆயினும் திணறலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செவிலியர்.

தொல்லைகளைச் சொல்லச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னவை இன்னும் சில. குழந்தை சோறு உண்ண அடம் பிடித்தால் ‘நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்வேன்’ என்று தாய்மார் மிரட்டுவது. (நம்முடைய தாய்மாரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், இதைப் படிக்கும் பெற்றோர் மன்னிக்கவும்.) பின் அக்குழந்தை நோயுற்று வரும்போது, இவர் கையைக் கண்டாலே வீறிடுகிறது. வார்டிலுள்ள போர்வை, கத்தரிக்கோல், வெப்பமானி எல்லாம் பதிவேட்டில் உண்டு. காணாமற்போனால் கைக்காசு போட்டு ஈடு செய்த மாதங்களும் உண்டு. செய்ததை எல்லாம் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் செய்யாததாகவே கொள்ளப்படும். பல நாட்களில் நோயாளியின் முகத்தைவிடக் காகிதத்தையே அதிகம் பார்த்திருப்பதாக அவர் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

ஊதியம் பற்றிக் கேட்க எங்களுக்குக் கூச்சம். அவராகவே சொன்னார். நிரந்தரப் பணியில் இருப்பதால் தமக்குக் குறையில்லை என்றும், உடன் பணிபுரியும் இளம்பெண்கள் நிலை வேறு என்றும் கூறினார். 2015-இல் தமிழக அரசுத் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய்தான் கிடைத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தது. ஆனால் ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இருவகைச் சம்பளம் என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி மகிழ்ச்சியைப் பற்றி. நன்றிக் கடிதம், பரிசுப்பொருள் என்று ஏதாவது காட்டுவார் என எதிர்பார்த்தோம். அவரோ பக்கவாதத்தில் படுத்த ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னார். அசையாமல் கிடப்பவரின் எலும்பு மேடான இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, ஈரம் துடைத்து, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதைத் தடுக்கலாம். அம்முதியவரை இரவும் பகலும் மாறி மாறிச் செவிலியர் அனைவரும் புரட்டினார்கள். 40 நாள் கழித்து ஒரு சிறு புண்கூட இன்றி அவர் வீடு திரும்பினார். மகன் மருத்துவருக்கு மாலை போட்டார். “எங்களை யாரும் ஒண்ணும் கேட்கலை. வராத புண்ணை யார் பார்ப்பாங்க? ஆனா அன்னைக்கு நாங்க நாலு பேரும் டீ வாங்கிக் குடிச்சோம்” என்றார். அந்தத் தேநீரைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் இருந்த விதத்தை எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

வராததைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய சீமாட்டி என்றே அவரைப் பாடநூலில் படித்திருக்கிறோம். 1854-இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் அவர் துருக்கிக்குப் புறப்பட்டார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நம் பள்ளிக்குத் தெரிய வேண்டிய செய்தி. காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த வீரர்களே பலமடங்கு அதிகம் என்பதை அவர் பின்னாளில் எண்களாலும் வண்ண வரைபடங்களாலும் நிறுவினார். இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. நம் பக்கத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இலேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. இன்று பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கலாம்.

எங்களில் ஒருத்திக்கு அந்தப் படிப்பில் ஆசை. அவள் பாட்டி சம்மதிக்கவில்லை. ‘ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவார்?’ என்கிறாராம். அதைச் சொன்னதும் தோழியின் தாயார் கத்தியைக் கீழே வைத்தார். “பாட்டிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா யார் பார்க்கணுமாம்? கேட்டுட்டு வா” என்றார். அவள் இன்னும் கேட்கவில்லை. தக்க சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். நம் தோழிக்கோ நற்றாயே செவிலி, அதுதான் சிக்கல். 2020-இல் கொரோனா பரவியபோது எங்களுக்குப் பத்து வயது. நைட்டிங்கேல் பிறந்த 200-ஆம் ஆண்டென்று உலக சுகாதார நிறுவனம் அதைச் செவிலியர் ஆண்டாக முன்பே அறிவித்திருந்தது. அவ்வாண்டில் தாயார் கவச உடையோடு ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிவறைக்கும் போகாமல் பணிபுரிந்துவிட்டு வந்து, பின்கட்டு அறையில் தனியே இருந்தார். தோழி சன்னல் வழியாகத்தான் வீட்டுப்பாடம் காட்டினாள். இதை அவள் எங்களிடம் அதுவரை சொன்னதே இல்லை.

கடைசியில், கேட்க வந்ததைத் தோழியே கேட்டாள். “போன வருஷம் ஆண்டு விழாவுக்கு ஏன்மா வரலை?”

பணி முடிவது கடிகாரத்தில் அல்ல என்று அவர் விளக்கினார். அடுத்த செவிலியர் வந்ததும் இருவரும் கட்டில் கட்டிலாகச் சென்று, யாருக்கு என்ன மருந்து போயிருக்கிறது, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்தக் குழாயில் எவ்வளவு மீதி என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதுதான் சார்ஜ் ஒப்படைப்பது. வாங்க ஆள் வராமல் கிளம்ப இயலாது. அன்று 1 மணிக்கு வரவேண்டிய செவிலியரின் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். மாற்று ஆள் வந்தது 7 மணிக்கு. உடன் இருந்த மற்றொரு செவிலியர் புதியவர்; பயிற்சி முடிந்து ஒரு மாதம்.

“அவளை நம்பி விட்டுட்டு வந்திருக்கலாம்தான். பதினேழாம் கட்டிலுக்கு ரத்தம் ஏத்தினோம். முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே நிக்கணும். குளிர் வருதா, அரிப்பு வருதா, மூச்சு முட்டுதான்னு பார்க்கணும். நீ மேடையிலே நின்னப்போ நான் அங்கேதான் நின்னேன். மணி பார்த்துக்கிட்டேதான் நின்னேன்.”

தோழி ஒன்றும் சொல்லவில்லை. தாயாரிடமிருந்து முறத்தை வாங்கிக்கொண்டாள். “நீங்க போய்ப் படுங்கம்மா. ஏழு மணிக்குத் திரும்பவும் டியூட்டி இருக்கே” என்றாள். நாங்கள் மீதி வெங்காயத்தை உரித்துக் கொடுத்தோம். குக்கர் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் குழம்பைச் சட்டியிலேயே வைத்தோம். உப்புச் சற்று அதிகமாகிவிட்டது.