தினைப்புனமும் முடிக்குரிய காணியும்

ஆடிவேல் விழா நெருங்கும் நாள்களிலே, பாண்டிருப்பு, கல்முனை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டங்களைக் காணலாம். தெற்கே பொத்துவிலைத் தாண்டி உகந்தையை அடைந்ததும் ஊர்கள் முடிந்துவிடுகின்றன. அப்பால் காடுதான். அவ்வழியிலே மூதாட்டியர் இளையோர்க்குச் சொல்லிச் செல்வது வள்ளியின் கதை. வேடர் தலைவன் மகள் பரண்மீதிருந்து, கவண் வீசி, தினைப்புனத்திலே கிளி கடிந்த கதையை அறியாத குழந்தை நம் வீடுகளில் இல்லை.

அந்தத் தினைப்புனம் என்பது யாது? வகுப்பிலே நான் இதனைக் கேட்பதுண்டு. வயல் என்பார் சிலர். தோட்டம் என்பார் சிலர். நம் பகுதியிலே சேனை என்று வழங்குவதுதான் அது. கோடையிலே காட்டில் ஒரு துண்டை வெட்டிக் காயவிட்டு, மாரி மழைக்கு முன்னர் தீயிட்டு, சாம்பல் படிந்த மண்ணிலே குரக்கனும் தினையும் சோளமும் விதைப்பர். யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரண் கட்டுவர். இரண்டொரு போகம் எடுத்ததும் அந்நிலத்தைக் காட்டுக்கே விட்டு வேறிடம் பெயர்வர். மரஞ்செடிகள் மீண்டும் வளர்ந்து மண் தேறிய பின்னர், சில ஆண்டுகள் கழித்து, பழைய இடத்துக்கே திரும்பி வருவர். விட்டுச் சென்ற நிலம் கைவிட்ட நிலமன்று, இளைப்பாறுகின்ற நிலம். இந்த ஒன்றை மறவாதிருந்தால் பின்வரும் வரலாறு முழுவதும் விளங்கும்.

1840ஆம் ஆண்டிலே ஆங்கில அரசாங்கம் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரிய காணியே எனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். பல ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்படும் சேனை நிலமும் இதனுள் அடங்கியது. கண்டிப் பிரதேசங்களில் விதி இன்னும் கடுமை. மன்னர் அளித்த சன்னசு என்னும் பட்டயத்தையோ, வழக்கமாக வரி செலுத்திய சான்றையோ காட்டினாலன்றிச் சேனைக்கு உரிமை கோர முடியாது.

எழுத்தே வழக்கில் இல்லாத வேடர், எழுத்துச் சான்றுக்கு எங்கே போவர்? பிந்தனைக் காடுகளிலே வேட்டையும் தேனும் சேனையுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். வாகரைக் கரையோரத்திலே அவர்தம் இனத்தவர் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்கின்றனர். எந்தப் பாறை எந்தக் குடும்பத்தின் தேன்பாறை என்பது வேடர்க்குள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. 1911இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இதனை விரிவாகவே எழுதினர். ஆனால் அந்த எல்லைகள் நில அளவையாளரின் படத்தில் இல்லை. இளைப்பாறிய சேனையைக் கண்ட அவர் 'காடு' என்று குறித்துக்கொண்டார்.

இத்தனை அவசரம் எதற்காக? கோப்பிக்காக. முடிக்குரியதாக்கிய நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்கு விலை போயிற்று. வாங்கியவர்களுள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலைநாட்டிலே இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி பரவியது. 1869இல் தோன்றிய இலை நோய் அதனை அழித்தது. பின்னர் தேயிலை வந்தது. மலைக்காட்டை இவ்வாறு மொட்டையடித்த அதே ஆட்சி, காட்டை அழிப்பவன் சேனைக்காரன் என்று முடிவு கட்டிற்று. 1885இலும் 1907இலும் வனக் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. ஒதுக்கப்பட்ட காட்டிலே உத்தரவின்றி மரம் வெட்டுதலும் நிலந் திருத்துதலும் குற்றமாயின. நம் கிழக்கிலே விளைந்த முதிரையும் கருங்காலியும் அரசாங்கத்தின் வருவாயாயின. 1907ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் வழக்கில் இருக்கிறது.

சேனைக்கு இனி உத்தரவுச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமெனின் தலைமைக்காரனின் தயவு வேண்டும். இந்நிலை ஏழைக் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதை, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் நன்கறிந்திருந்தார். கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வை செய்தவரும் அவரே. 1913இல் அவர் வெளியிட்ட நாவலிலே, பகை கொண்ட தலைமைக்காரன் சேனை உத்தரவைத் தடுக்கிறான். வேட்டைக்காரன் ஒருவனின் குடும்பம் சிதைகிறது. முடிவில் ஊரையே காடு மூடிவிடுகிறது. சட்டத்தை நடத்திய கையே அதனை எழுதியது வியப்பன்றோ!

காட்டைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சனத்தொகை பெருகி, நிலத்துக்கு ஓய்வு குறைந்தால், சேனை மண்ணைக் கெடுக்கும் என்பது மெய்யே. ஆனால் காவல் என்ற பெயரால் முதலில் வெளியேற்றப்பட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் 1948இல் போனார்கள், வழக்கம் போகவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நம் பட்டிப்பளை ஆற்றுக்கு அணை கட்டப்பட்டது. கரையோர வயல்கள் அதனால் பயன்பெற்றன. அந்த நீரின்கீழ் மூழ்கியவற்றுள் வேடர் வேட்டையாடிய காடுகளும் உண்டு. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடரின் வேட்டைக்காடு அதற்குள் அகப்பட்டது. பல குடும்பங்கள் ஏனானிகலைக்குக் குடியேற்றப்பட்டு, நெல் வயல் கொடுக்கப்பட்டன. முதிய தலைவர் திசாகாமியும் சில குடும்பங்களும் போக மறுத்தனர். 1998இல் இறக்கும் வரை அவர் தம்பானையிலேயே வாழ்ந்தார். தம் முன்னோர் காட்டிலே வில்லோடு நுழைந்தால் அவர் வேட்டைத் திருடன். வாயிலிலே நின்றால் உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் காட்சிப் பொருள்.

உகந்தைக்குத் தெற்கே அடியார் நடக்கும் காடும் இன்று குமண, யால தேசிய வனங்களே. திருவிழாவையொட்டிச் சில நாள்களுக்கு மட்டும் அவ்வழி திறக்கப்படுகிறது. அந்த நாளுக்காக, முருகன் கோயில் முன்றிலிலே சோறு சமைத்து உண்டு, வள்ளி தினைப்புனம் காத்த கதையைச் சொல்லிக்கொண்டு, நம்மவர் காத்திருக்கின்றனர்.