கடைசிப் படியில் இடஒதுக்கீடு இல்லை

சாமல்பட்டிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், கையில் கிடைத்த பணத்தோடு குடும்பமே வேலூருக்கோ பெங்களூருக்கோ புறப்படுகிறது. அந்த நோயைக் குணப்படுத்தும் மருத்துவராக நம் தெருப் பிள்ளைகள் வருவது எப்போது?

கதவடைக்கப்பட்ட ஒருவரின் வரலாற்றை மாணவர்கள் அறிய வேண்டும். மும்பை டாக்டர் சுரேஷ் அத்வானியை 8 வயதில் போலியோ தாக்கியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் என்று காரணம் காட்டி, கிராண்ட் மருத்துவக் கல்லூரி முதலில் இடம் தர மறுத்தது. அவர் விடவில்லை, மேலிடங்களில் முறையிட்டுச் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவின் சியாட்டிலில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கற்றார். 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய் கண்ட சிறுமிக்குச் சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தி, இந்தியாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். 2012-ல் பத்மபூஷண் பெற்றார். 1986-ல் டாக்டர் மாம்மன் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இதைத் தொடங்கினார்.

அன்று அத்வானிக்குக் கதவு திறக்காமல் போயிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா? இடஒதுக்கீட்டால் தகுதி கெடுகிறது என்பவர்கள் யோசிக்கட்டும்.

இனி, வழி. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. பொது மருத்துவத்திலோ குழந்தைகள் மருத்துவத்திலோ எம்.டி. 3 ஆண்டு. ரத்தவியலில் டி.எம். 3 ஆண்டு. தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம். அதில் 3 சதவீதம் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 7.5 சதவீதம், அவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது.

ஆனால் டி.எம். படிப்பில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லை. உயர் சிறப்புப் படிப்புக்கு அது கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. எம்.டி. வரை ஏறிவந்த நம் பிள்ளைக்குக் கடைசிப் படியில் ஏணி எடுக்கப்படுகிறது. அதை மாற்றக் கேட்பது நம் உரிமை.

அதுவரை ஒரு வழி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கித் தமிழக அரசு 2020-ல் ஆணையிட்டது. எனவே படிப்பு முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். நம் ஊருக்கும் மருத்துவர் கிடைப்பார், டி.எம்.முக்கும் அதுவே வழி.