றைன் நதி: ஒத்துழைப்பின் செலவும் அதனைச் சுமப்போரும்

பல நாடுகளினூடாகப் பாயும் ஆறொன்றின் சூழலைப் பேணுவது பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அரசுகளுக்கிடையிலான நல்லெண்ணத்தையே முதன்மைப்படுத்துகின்றன. நல்லெண்ணம் வேண்டியதே. எனினும், ஆற்றை மாசுபடுத்துவோர் யார், அதனைத் தூய்மையாக்கும் செலவைச் சுமப்போர் யார் என்னும் வினாக்களை அது மறைத்துவிடலாகாது. மேற்கு ஐரோப்பாவின் றைன் நதி இதற்குத் தக்க சான்றாகும்.

அல்ப்ஸ் மலைகளில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 1,230 கிலோமீற்றர் ஓடி வடகடலிற் கலக்கும் றைன், சுவிற்சர்லாந்தின் இரசாயன ஆலைகளையும் பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்தையும் ஜேர்மனியின் கைத்தொழில் நகரங்களையும் கடந்து செல்கின்றது. இவற்றின் கழிவுகள் இறுதியில் நெதர்லாந்தை வந்தடைந்தன. 1950இல் இந்நான்கு நாடுகளும் லக்சம்பேர்க்கும் இணைந்து றைன் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவை அமைத்தன. 1963ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை அதற்குச் சட்ட அடிப்படை அளித்தது.

ஆணைக்குழுவைச் சோதித்த பிரச்சினை உப்பாகும். அல்சாஸின் சுரங்கங்கள் உரத்துக்கான பொற்றாசைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய உப்பை ஆற்றில் விட்டன. நெதர்லாந்தின் தோட்டச் செய்கையும் குடிநீர் வழங்கலும் அதனாற் பாதிப்புற்றன. 1976இல் பொண் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, உப்பைக் குறைக்கும் செலவில் நெதர்லாந்து 34 வீதத்தையும் பிரான்சும் ஜேர்மனியும் தலா 30 வீதத்தையும் சுவிற்சர்லாந்து 6 வீதத்தையும் ஏற்றன. பாதிக்கப்பட்ட நாடே மிகப் பெரிய பங்கைச் செலுத்தியமை மனங்கொள்ளத்தக்கது.

இதனை இரு தேசங்களின் மோதலாக மட்டும் காண்பது தவறாகும். உப்பை நிலத்தடியிற் செலுத்தும் திட்டம் தமது நிலத்தடி நீரைக் கெடுக்குமென அல்சாஸ் மக்களும் எதிர்த்தனர். உடன்படிக்கை 1985இலேயே நடைமுறைக்கு வந்தது. மேலும், இச்சுரங்கங்கள் அரசுடைமையாக இருந்தவை. உடைமை மாறியும் உற்பத்தியின் இலாபக் கணக்கு மாறாதபோது கழிவின் சுமை பிறர் மீதே விழுகின்றது என்பதை நம்மவருட் சிலர் மறந்துவிடுகின்றனர்.

1986 நவம்பர் 1இல் பாசல் நகருக்கு அண்மையில் சன்டோஸ் கம்பனியின் களஞ்சியமொன்று தீப்பற்றியது. தீயணைத்த நீர் பல தொன் பீடைகொல்லிகளை ஆற்றிற் சேர்த்தது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. கரையோர மக்களின் சீற்றம் அரசுகளை அசைத்தது. அருகிப்போன சல்மன் மீனை 2000ஆம் ஆண்டளவில் மீட்பதை இலக்காகக் கொண்ட செயற்றிட்டம் மறு ஆண்டே உருவாயிற்று. நீரின் தரம் பெரிதும் உயர்ந்தது, சல்மனும் மீண்டது. ஆயினும் மின்னுற்பத்தி அணைகள் அதன் பாதையை இன்றும் மறிக்கின்றன. உப்புப் பிரச்சினை தணிந்தமைக்கோ, சுரங்க உற்பத்தி வீழ்ந்து 2002இல் நின்றுபோனமையும் முக்கிய காரணமாகும்.

மாசுபடுத்துவோரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை 1999ஆம் ஆண்டின் புதிய றைன் உடன்படிக்கை பொறித்துக்கொண்டது. ஆனால் பழைய உப்புக் கணக்குத் தொடர்பாக நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் எழுந்த பிணக்கில், அக்கோட்பாடு பொதுச் சர்வதேசச் சட்டத்தின் பகுதியன்று என 2004இல் நடுத்தீர்ப்பு மன்றம் கருதியது.

ஆகவே, றைன் ஒத்துழைப்பின் சாதனையை மறுப்பதற்கில்லை. எனினும் அதனை மாதிரியாகக் கொள்வோர், செலவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதையும், கரையோர மக்களின் குரல் எழுந்தபோதே அரசுகள் விரைந்தன என்பதையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.