உரிமம் இணைக்காத நிரல் யாருக்குச் சொந்தம்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை, மாணவர்களின் செயற்றிட்டங்களுக்கெனக் கிட்ஹப் தளத்தில் பொதுப் பக்கமொன்றை வைத்திருக்கிறது. மாணவர்கள் எழுதிய மூலநிரலை உலகில் எவரும் அங்கே திறந்து பார்க்கலாம். பார்ப்பது சரி, எடுத்து மாற்றலாமா, விற்கலாமா? அதைத் தீர்மானிப்பது நிரலோடு வைக்கப்படும் ஒரு சிறு கோப்பு, உரிமம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூல்களையும் கட்டுரைகளையும் போலவே கணினி நிரலையும் பாதுகாக்கிறது. எழுதியவரின் ஆயுட்காலம் முழுவதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே உரிமம் இணைக்காமல் இணையத்தில் போட்ட நிரல், எவ்வளவு நல்லெண்ணத்தோடு போட்டதாக இருந்தாலும், திறந்த மூல மென்பொருள் ஆகாது. கிட்ஹப் விதிப்படி பிறர் அதைப் பார்க்கலாம், அத்தளத்துக்குள் படியெடுக்கலாம். அவ்வளவுதான்.

உரிமங்கள் பலவாயினும் பெரும்போக்கு இரண்டு. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்றவை தாராளமானவை: எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காதே, மற்றபடி மாற்று, விற்பனைப் பொருளுக்குள் வை என்பவை. ஜிபிஎல் அப்படியல்ல. மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

‘கொடுத்தால்’ என்ற நிபந்தனையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பேராதனைப் பொறியியல் பீடத்தின் இணையவழிக் கற்றல் தளம் மூடில் என்ற மென்பொருளில் இயங்குகிறது. அதன் உரிமம் ஜிபிஎல். பீடம் அதைத் தன் தேவைக்கு மாற்றித் தன் சேவையகத்திலேயே ஓட்டும்வரை எதையும் வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கண்டி யட்டிநுவர வீதிக் கடையொன்றுக்கு ஒருவர் ஜிபிஎல் நிரலை மாற்றி பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மூலநிரலைப் பெற உரிமையுள்ளவர். அதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தவும் அவருக்கு உரிமை உண்டு. விற்பவர் பணம் வாங்குவதை ஜிபிஎல் தடுப்பதில்லை.

இந்த நிபந்தனை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டருக்குள் ஜிபிஎல் உரிமம் கொண்ட லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்தது. ஜிபிஎல்லைச் சுட்டிக்காட்டிப் பலரும் அழுத்தம் கொடுக்க, நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததே ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள். இன்று எத்தனையோ வேறு நிறுவனங்களின் ரௌட்டர்களிலும் அது ஓடுகிறது.

திறந்த உரிமத்தின் பயனை இலங்கை இரு பேரிடர்களில் கண்டது. 2004 சுனாமிக்குப் பின் இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ என்ற மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்தது. உரிமம் இடம்கொடுத்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்த முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நல விருதும் அதற்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளை எடுத்து, நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்க ஏற்றவாறு இலங்கைக் குழு மாற்றியமைத்தது. அதன் உரிமம் பிஎஸ்டி. தனி அனுமதிக்காக யாரும் காத்திருக்கவில்லை. மாற்றியதைத் திருப்பித் தர வேண்டுமென்று பிஎஸ்டி கேட்பதுமில்லை. ஆனாலும் குழு அதைப் பகிர்ந்தது. வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. கட்டாயமின்றிக் கொடுத்த அந்தக் கொடை, இந்நாட்டு மென்பொருள் வரலாற்றில் பெருமையோடு எழுதப்பட வேண்டியது.

பேராதனையில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை இணையத்தில் ஏற்றப்போகும் மாணவர்களே, ஏற்றுமுன் குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். நிரல் எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கோ நிதி தந்தவருக்கோ உரிமை உண்டா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். உங்கள் நிரலை யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்றால் எம்ஐடி. மாற்றுபவரும் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். முடிவானதும் ‘லைசென்ஸ்’ என்ற பெயரில் கோப்பொன்றை நிரலோடு சேர்த்துவிடுங்கள்.