காஞ்சீபுரத்தில் எங்கே சாப்பிடலாம்?

கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். சாமி கும்பிட வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கிறவர்கள் மற்றொரு பக்கம். காஞ்சீபுரத்துக்கு வெளியூர்க் கூட்டம் வராத நாள் கிடையாது.

எந்தக் கடையில் சேலை எடுப்பது என்று வீட்டில் ஒரு மாதம் முன்பே பேச்சு தொடங்கிவிடும். அத்தை ஒரு கடையைச் சொல்லுவாள். மாமன் இன்னொரு கடையைச் சொல்லுவார். ஆனால், எங்கே சாப்பிடுவது? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதோடு சரி!

சேலையின் முந்தானையைப் பத்துத் தடவை புரட்டிப் பார்க்கிறோம். சரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். வயிற்றுக்குள் போகிற சோற்றை மட்டும் ஏன் பார்ப்பது இல்லை?

காரணம், பசி. பசி வந்த பிறகு கடை தேடினால், கடையை நாம் தேர்ந்து எடுப்பது இல்லை. வேறு யாரோ நமக்காகத் தேர்ந்து எடுத்துவிடுகிறார்கள்.

பகல் 12½ மணி

வந்தவாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு குடும்பம் புறப்பட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, கல்யாணப் பெண், கைக்குழந்தை என்று 8 பேர். காலையில் காமாட்சி அம்மன் கோவில். பிறகு ஏகாம்பரநாதர். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பகல் 12, 12½ மணிக்குக் கோவில்களில் நடை சாத்துவார்கள். மறுபடியும் திறப்பது மாலை 4 மணி அளவில்தான். நடை சாத்தியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பசி!

ஓட்டல்களில் இடம் இருக்காது. சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "இவர் எப்போது எழுந்திருப்பார்?" என்று பார்க்கும் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். துடைக்காத மேஜை. அவசரத்தில் அலம்பிய தம்ளர். சாம்பாரில் வெந்நீர் கலக்கிறார்களோ என்ற சந்தேகம் வேறு!

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 11½ மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். சோறு வடித்த சூடு ஆறி இருக்காது. குழம்பு அடியில் போய் இருக்காது. பரிமாறுகிறவருக்கும் பொறுமை இருக்கும். அது முடியவில்லையா? காலையில் நன்றாக டிபன் சாப்பிட்டுவிட்டு, நடை சாத்திய நேரத்தில் பட்டுக் கடைக்குப் போங்கள். 2 மணிக்கு மேல் சாப்பிடலாம். ஆனால், கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் முதல் வழிதான் நல்லது.

முகூர்த்த மாதங்களில் இன்னும் கவனம் தேவை. தையும் ஆவணியும் பட்டுக் கடைகளுக்கு அறுவடைக் காலம். ஓட்டல்களுக்கும் அப்படித்தான்.

"நம்ம கடை சார்!"

பசியோடு நிற்கும் குடும்பத்தின் அருகே ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது.

"சாப்பாட்டுக்கா சார்? நம்ம கடை ஒண்ணு இருக்கு. ஏறுங்கம்மா!"

ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படிச் செய்வதாகச் சொல்லவில்லை. நல்ல கடைக்கு வழி காட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஆள் பிடித்து வந்தால் கமிஷன் என்பது யாத்திரை ஊர்களில் பழைய வியாபாரம். அந்தக் கமிஷன் யாருடைய பையில் இருந்து போகிறது? கடைக்காரர் பையில் இருந்து அல்ல. உங்கள் மஞ்சள் பையில் இருந்துதான்! விலையில் ஏறும். அல்லது சோற்றின் தரத்தில் இறங்கும்.

அவரிடமே வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். "அண்ணே, நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் எங்கே அண்ணே சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மாறும்.

நாளைக்கும் வருகிறவர்

கோவில் வாசலில் உள்ள கடைக்கு இன்று வருகிறவர் நாளைக்கு வர மாட்டார். சாப்பாடு மோசமாக இருந்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்? பஸ் ஏறிப் போய்விடுவார். அடுத்த பஸ்சில் வேறு ஆள் வருவார்.

நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் நிலைமை வேறு. தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்துக் கால் கடுத்தவர், டீ குடிக்க எழுந்து வருகிறார். அவர் நாளைக்கும் வருவார். நாளை மறுநாளும் வருவார். சட்னி ஊசி இருந்தால் தெரு முழுவதும் சொல்லிவிடுவார். அந்தப் பயம் கடைக்காரருக்கு உண்டு. இப்படிப்பட்ட தெருக்களில் உள்ள சின்ன இட்லிக் கடைக்கு விளம்பரமும் இல்லை, விளக்கு அலங்காரமும் இல்லை. ஆனாலும், ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடம் என்பது பெரிய சான்றிதழ்.

பூக்காரம்மா எங்கே டிபன் வாங்குகிறாள்? பஸ் கண்டக்டர் எந்தக் கடைக்குள் நுழைகிறார்? பட்டுக் கடையில் சேலை எடுத்துப் போடும் பையன் மத்தியானம் எங்கே போகிறான்? அவர்கள் பின்னாலேயே போகலாம்!

பெரிய ஓட்டலே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. குளிர்சாதன அறையும் சுத்தமான கழிப்பிடமும் வயதானவர்களுக்கு வேண்டியவைதான். வெளிச்சத்துக்கு ஒரு விலை, ருசிக்கு ஒரு விலை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

கோவில் இட்லி

காஞ்சிக்கு வந்து, நம் ஊரில் கிடைக்கும் இட்லியையே சாப்பிட்டுவிட்டுப் போவதா?

காஞ்சீபுரம் இட்லி என்று தனியாக ஒன்று உண்டு. சின்னக் காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியம் ஆகும் இட்லி அது. பச்சரிசியையும் உளுந்தையும் கொஞ்சம் கரகரப்பாக அரைப்பார்கள். மாவு புளித்ததும் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் எல்லாம் சேரும். இதற்கு இட்லித் தட்டு கிடையாது! மூங்கிலில் முடைந்த நீளமான குடலையில் மந்தாரை இலையை அடுக்கி, அதற்குள் மாவை ஊற்றுவார்கள். நம் வீட்டு இட்லி 10 நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லி வேக 2, 3 மணி நேரம் ஆகும். வெந்த பிறகு வெளியே எடுத்துத் துண்டு போடுவார்கள். மந்தாரை இலையின் வாசனை அதில் இறங்கி இருக்கும்.

மிளகு ஏன்? மிளகாய் போடக் கூடாதா? மிளகாய் நம் நாட்டுச் சரக்கு அல்ல. அது அமெரிக்காவில் பிறந்தது. வாஸ்கோடகாமா 1498-ம் ஆண்டு கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அதற்குப் பிறகு போர்த்துகீசியர்கள் மூலமாக மிளகாய் நமக்கு வந்தது. அதற்கு முன்பு நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மடப்பள்ளியில் அந்தப் பழைய வழக்கம் நிலைத்துவிட்டது.

ஓட்டல்களிலும் "காஞ்சீபுரம் இட்லி" என்று பலகை தொங்கும். அங்கே பெரும்பாலும் தம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி வேக வைத்துத் தருவார்கள். ருசி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், மூங்கில் குடலையும் மந்தாரை இலையும் இல்லாவிட்டால் அது வேறு இட்லி. "குடலையில் வைத்ததா, தம்ளரில் ஊற்றியதா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

கோவிலுக்குள் கேட்பதிலும் ஒரு விவரம் உண்டு. மடப்பள்ளி வேறு, பிரசாதக் கடை வேறு. பல கோவில்களில் பிரசாதக் கடையை ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறார்கள். அங்கே விற்பது எல்லாம் மடப்பள்ளியில் வெந்து, சாமிக்குப் படைக்கப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். விசாரித்து வாங்குங்கள். காலையிலேயே விசாரியுங்கள்.

இந்த இட்லிக்குச் சட்னி, சாம்பார் கட்டாயம் இல்லை. அதனால் வழிப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஏற்றது.

அமுதசுரபி

வந்தவருக்குச் சோறு போடுவது காஞ்சிக்குப் புதிது அல்ல. "மணிமேகலை" காப்பியத்தில் காஞ்சி மாநகரம் மழை இல்லாமல் பஞ்சத்தில் வாடுகிறது. மணிமேகலை அமுதசுரபியோடு இங்கே வருகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தில் இருந்து, வந்தவர்களுக்கு எல்லாம் சோறு போடுகிறாள். நீ யார், என்ன குலம் என்று அவள் கேட்கவில்லை.

ஆனால், பிற்காலத்தில் அப்படிக் கேட்டார்களே! எங்கே சாப்பிடுவது என்று தேர்ந்து எடுக்கும் உரிமையே எல்லோருக்கும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. தென்னாட்டு ஓட்டல்கள் பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம். மற்றவர்களுக்கு வேறு இடம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ வாசற்படியே எல்லை. ரெயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளில் இருந்த சாதிப் பிரிவினை, கிளர்ச்சிக்குப் பிறகு 1941-ல்தான் ஒழிந்தது.

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களுக்குள் நுழையச் சாதியோ மதமோ தடையாக இருக்கக் கூடாது என்று அதன் 15-வது பிரிவு சொல்லுகிறது. தீண்டாமை காரணமாக ஒருவரை ஓட்டலுக்குள் விட மறுப்பது தண்டனைக்கு உரிய குற்றம் என்று 1955-ல் தனிச் சட்டமும் வந்தது. ஓட்டல் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருக்கக் கூடாது என்று பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி தொடங்கியது 1957-ல்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்ற புகார், சில கிராமங்களில் அண்மைக் காலம் வரை எழுந்தபடிதான் இருந்தது. இன்று காஞ்சி ஓட்டலில் ஒரே மேஜையில் முன்பின் தெரியாத 4 பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை. நம் பாட்டனார்களில் பலருக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

கையில் காசு குறைவாக உள்ளவர்கள் கோவில் அன்னதானத்தை மறக்க வேண்டாம். அறநிலையத்துறைக் கோவில்களில் மத்தியான அன்னதானத் திட்டம் 2002-ம் ஆண்டு தொடங்கியது. எத்தனை பேருக்கு என்று கணக்கு வைத்துத்தான் சமைப்பார்கள். எந்தக் கோவிலில், எத்தனை மணிக்கு என்று கோவில் அலுவலகத்தில் காலையிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிடக் கூச்சம் எதற்கு? பந்தியில் உட்கார்ந்தால் எல்லோரும் ஒன்றுதான்.

கண்ணும் மூக்கும்

ஓட்டலுக்குள் போனதும் உடனே உட்கார வேண்டாம். கை கழுவும் இடத்துக்கு முதலில் போங்கள். அது சுத்தமாக இருந்தால் சமையல் கட்டும் ஓரளவு சுத்தமாக இருக்கும். நீங்கள் பார்க்கக் கூடிய இடத்தையே கழுவாதவர், பார்க்க முடியாத இடத்தையா கழுவப் போகிறார்?

எண்ணெய் வாடை கம்மென்று மூக்கைத் தாக்கினால், காய்ந்த எண்ணெயே திரும்பத் திரும்பக் காய்கிறது என்று அர்த்தம். வடையை விட்டுவிட்டு இட்லி சாப்பிடுங்கள்.

தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெடும். நாக்கில் வைத்ததும் புளிப்புத் தட்டினால் ஒதுக்கி வையுங்கள். வடித்த சோறு பல மணி நேரம் வெளியே இருந்தால் அதில் ஒரு வகைக் கிருமி பெருகி விஷத்தை உண்டாக்கும். மறுபடியும் சூடு செய்தாலும் அந்த விஷம் போகாது. ஆகவே, பொட்டலம் கட்டி அடுக்கி இருக்கும் தயிர் சாதம் எப்போது கட்டியது என்று கேளுங்கள். வீட்டில் இருந்து கட்டுச்சோறு கொண்டு வருகிறவர்களுக்குப் புளியோதரை நல்லது. புளியும் நல்லெண்ணெயும் சோற்றைச் சீக்கிரம் கெட விடாது. நம் பாட்டிகள் விவரம் தெரியாமலா செய்தார்கள்!

பில்லைப் படியுங்கள்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். விலைப்பலகையை முதலில் படியுங்கள். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா? இரண்டாம் முறை சோறு கேட்டால் தனிக் காசு உண்டா? இதை உட்காரும்போதே கேட்பதில் தவறு இல்லை. எழுந்திருக்கும்போது கேட்டால் சண்டை!

உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த உரிமத்தை எல்லோருக்கும் தெரியும்படி கடையில் மாட்டி வைக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். 2022-ம் ஆண்டு முதல் பில்லிலும் அந்த எண்ணை அச்சிட வேண்டும்.

சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். "சேவைக் கட்டணம்" என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது வரி அல்ல. அதை ஓட்டல்காரர் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ம் ஆண்டு ஜூலையில் உத்தரவிட்டது. 2025-ம் ஆண்டு மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டும் அது சரி என்று தீர்ப்புச் சொன்னது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

திரும்பும் வழியில்

மாலை 4 மணிக்கு நடை திறந்ததும் வரதராஜரைத் தரிசித்துவிட்டு 6 மணிக்குப் புறப்படலாம். சென்னை 75 கிலோமீட்டர்தான். வழியில் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையில் வரிசையாக ஓட்டல்கள் இருக்கின்றன. வண்டி நிறுத்த இடமும் கழிப்பிடமும் உள்ள கடையாகப் பார்ப்பது நல்லது. நீங்கள் ஏறிய பஸ் எங்கே நிற்கும் என்பதை டிரைவர்தான் முடிவு செய்வார். அங்கே உங்கள் விருப்பம் செல்லாது. அதனால் இரவுச் சாப்பாட்டைக் காஞ்சியிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

"கும்பகோணம் டிகிரி காபி" என்ற பலகையும் வழியெல்லாம் தென்படும். காஞ்சியில் இருந்து கும்பகோணம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். பித்தளை டபராவில் தந்தால் மட்டும் அது கும்பகோணத்துக் காபி ஆகிவிடாது. ஆனாலும், சூடாக இருந்தால் ஒரு தம்ளர் குடிக்கலாம்.